எல்லோரும் குற்றவாளிகள் என்பது பற்றி

1

எண்ணெயில் தோய்ந்த பறவை ஒன்று கொஞ்ச காலமாக நம் கவிதைகளுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. கவிதையின் முதல் பாதியில் அது கரையொதுங்கும். இரண்டாம் பாதியில் கவிஞர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொள்வார். அவற்றில் பிசுக்கு ஏறியிருக்கும். கொன்றது நான்தான் என்றோ, நாம் எல்லோரும்தான் என்றோ கடைசி வரி வந்து விழும். இந்தக் கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை. இதை ருசி சம்பந்தப்பட்ட விஷயம் என்று ஒதுக்கிவிடலாம்தான். தேய்ந்துபோன வரிகளைப் பற்றிப் புகார் செய்வது விமர்சகனின் அன்றாட வேலை. ஆனால் இங்கு என் புகார் வேறு. அந்த வரி உண்மையல்ல என்று நினைக்கிறேன். உண்மையைவிட உயர்ந்த ஏதோ ஒன்றைப்போல வேஷம் போட்டுக்கொண்டு வருவதால், சாதாரணப் பொய்யைவிட அது அதிகக் கெடுதல் செய்கிறது என்றும் நினைக்கிறேன்.

இதைப் பொதுவாகப் பேசினால் நானும் அதே பொதுமைக்குள் போய் விழவேண்டியிருக்கும். ஆகவே ஒரு குறிப்பிட்ட விபத்தை எடுத்துக்கொள்கிறேன். 1967 மார்ச் 18ஆம் தேதி, டோரி கான்யன் என்ற எண்ணெய்க் கப்பல், இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலுக்கும் ஸில்லித் தீவுகளுக்கும் இடையில் உள்ள ஸெவன் ஸ்டோன்ஸ் பாறைத் தொடரில் ஏறியது. குவைத்தில் ஏற்றிய ஏறத்தாழ 1,19,000 டன் கச்சா எண்ணெய் அதில் இருந்தது. உலகம் பார்த்த முதல் பிரம்மாண்டமான எண்ணெய் விபத்து அதுதான். பிற்பாடு வந்தவை பலவற்றில் நடந்த எல்லாமே ஏதோ ஓர் அளவில் அங்கேயே ஒத்திகை பார்க்கப்பட்டுவிட்டன என்பதால் இந்தத் தேர்வு.

2

யார் செய்தது என்று கேட்டுப் பார்க்கலாம்.

கப்பல் பாரகூடா டாங்கர் கார்ப்பரேஷன் என்ற கம்பெனிக்குச் சொந்தம். அதை நீண்டகால வாடகைக்கு எடுத்திருந்தது கலிஃபோர்னியாவின் யூனியன் ஆயில். இந்த ஒரு பயணத்துக்கு யூனியன் ஆயிலிடமிருந்து எடுத்திருந்தது பிரிட்டிஷ் பெட்ரோலியம். கொடி லைபீரியாவுடையது. மாலுமிகள் இத்தாலியர்கள். கப்பல் கட்டப்பட்டது அமெரிக்காவில். பிறகு ஜப்பானில் அதை நடுவே வெட்டி, நீட்டி, ஏறத்தாழ இரண்டு மடங்கு சரக்கு ஏற்றும்படி பெரிதாக்கினார்கள். எண்ணெய் போய்ச் சேர்ந்ததோ ஆங்கிலேயக் கரைக்கும் பிரெஞ்சுக் கரைக்கும். இத்தனை கைகள் மாறிய ஒரு பொருளில் கர்த்தாவைத் தேடுவது, பல தடவை எண்டார்ஸ் ஆன செக்கில் முதல் கையெழுத்தைத் தேடுவது போன்றது.

எனினும் கப்பலை ஓட்டியவர் ஒருவர் இருந்தார். கேப்டன் பாஸ்ட்ரெங்கோ ருஜியாட்டி. மில்ஃபோர்ட் ஹேவன் துறைமுகத்துக்குள் அவ்வளவு ஆழம் அமிழ்கிற கப்பல் நுழைய வேண்டுமானால் கடலேற்றம் வேண்டும். 18ஆம் தேதி இரவின் ஏற்றத்தைத் தவறவிட்டால் ஏறத்தாழ ஆறு நாட்கள் வெளியே நிற்க வேண்டும். நுழைவதற்கு முன், அமைதியான நீரில் நின்று தொட்டிகளுக்கிடையே எண்ணெயை மாற்றிக் கப்பலைச் சமன்படுத்தவும் சில மணி நேரம் தேவை. ஆகவே அவசரம். தீவுகளுக்கு மேற்கே விலகிப் போக உதவி அதிகாரி திருப்பியிருந்த கப்பலை, தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட கேப்டன் மறுபடி கிழக்கு வழிக்குத் திருப்பினார். அந்தக் குறுகலான வழியில் மீன்பிடிப் படகுகளும் வலைகளும் குறுக்கிட்டன. கடைசி நேரத்தில் சக்கரத்தைச் சுழற்றினால் கப்பல் திரும்பவில்லை. சுக்கானின் இயக்கத்தைத் தீர்மானிக்கும் கைப்பிடி வேறு நிலையில் இருந்தது. அது புரிவதற்குள் நிமிஷங்கள் போய்விட்டன. காலை ஒன்பது மணிக்குச் சற்று முன், நல்ல வெளிச்சத்தில், கப்பல் பாறையில் ஏறியது.

இதில் எந்த ஒரு முடிவும் கொடியவனின் முடிவு அல்ல. தாமதமானால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய எந்த உத்தியோகஸ்தனும் எடுக்கக்கூடியவை. லைபீரிய விசாரணைக் குழு கேப்டன் ஒருவரையே பொறுப்பாளி ஆக்கியது. அவருடைய லைஸென்ஸ் பறிக்கப்பட்டது. இத்தாலியில் மருத்துவமனையில் இருந்தபோது, புகைப்படக்காரர்களுக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்த அவரைப் படம் எடுத்துப் பத்திரிகைகளில் போட்டார்கள். கட்டிலுக்கடியில் ஒரு மனிதன் இருக்கும் படம் கிடைத்துவிட்டால் பார்ப்பவர்களுக்கு ஒரு திருப்தி. தேடியது அகப்பட்டுவிட்டது.

கேப்டன் தவறு செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. குறுகிய வழியைத் தேர்ந்தது அவர். அந்தப் பங்கு அவருடையது, முழுமையாக அவருடையது. ஆனால் கடலேற்றத்துக்கு அட்டவணை போட்டது அவர் அல்ல. கப்பலை இரண்டு மடங்கு ஆக்கியதும், அந்த அளவுக்கு எண்ணெய் கடலில் விழுந்தால் என்ன செய்வது என்று எந்த அரசாங்கமும் யோசிக்காமல் அதை அனுமதித்ததும் அவர் அல்ல. அவரவர் பங்கு அவரவரிடம் இருக்க, எல்லாவற்றையும் ஒருவர் தலையில் இறக்குவது முதல் பொய். இது பழைய பொய், எல்லோருக்கும் தெரிந்தது. பலியாடு என்ற சொல் நம்மிடம் எப்போதும் தயாராக இருக்கிறது.

இரண்டாவது பொய் சட்டத்தின் மொழியில் வந்தது. பாய்மரக் காலத்திலிருந்து ஒரு விதி உண்டு: கப்பல் உரிமையாளரின் பொறுப்பு, விபத்துக்குப் பின் அந்தக் கப்பலில் எஞ்சியிருப்பதன் மதிப்பைத் தாண்டாது. டோரி கான்யனில் எஞ்சியது ஓர் உயிர்காப்புப் படகு. அதன் மதிப்பு 50 டாலர். ஆகவே எங்கள் பொறுப்பு 50 டாலர் என்று அமெரிக்க நீதிமன்றத்தில் உரிமையாளர் தரப்பு வாதாடியது. நாவலில் எழுதினால் அபத்தம் என்று நாமே அடித்துவிடுவோம். பிரிட்டிஷ் அரசு கடைசியில் அதே கம்பெனியின் இன்னொரு கப்பலான லேக் பலூர்ட் சிங்கப்பூர் வரும்வரை காத்திருந்து, அதன்மீது நோட்டீஸ் ஒட்டிக் கைப்பற்றியது. நோட்டீஸ் கொண்டுபோன இளம் வக்கீலை, விஸ்கி விற்க வந்தவர் என்று நினைத்து மேலே ஏறவிட்டார்களாம். பிற்பாடு, 1969இல், 30 லட்சம் பவுனுக்கு வழக்கு சமரசம் ஆயிற்று; பிரிட்டனும் பிரான்சும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டன.

3

மூன்றாவது பொய்தான் என் விஷயம். அதற்குப் போகுமுன், எண்ணெயை எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

பிரிட்டிஷ் அரசு மார்ச் மாதக் கடைசியில் விமானங்களை அனுப்பிக் கப்பலின்மீது குண்டு போட்டது. மிச்ச எண்ணெயைக் கொளுத்த நாபாம் வரை பயன்படுத்தியது. அதற்கு முன்னும் பின்னும், கடலிலும் கரையிலும் டிடர்ஜெண்டைக் கொட்டினார்கள். மொத்தம் பத்தாயிரம் டன்னுக்கு மேல். டிடர்ஜெண்ட் எண்ணெயை இல்லாமல் ஆக்குவதில்லை. மேலே படலமாக மிதக்கும் எண்ணெயைச் சிறுசிறு துளிகளாக உடைத்து நீருக்குள் அனுப்புகிறது. கண்ணுக்குத் தெரிந்தது தெரியாமல் போகிறது. அன்றைய டிடர்ஜெண்ட்களில் கலந்திருந்த கரைப்பான்களோ எண்ணெயைவிடக் கொடிய விஷம்.

விளைவை பிளிமத்தில் உள்ள கடல் உயிரியல் சங்கத்தின் விஞ்ஞானிகள் ஆராய்ந்து 1968இல் புத்தகமாக வெளியிட்டார்கள். அக்கரைகளின் பாறைகளில் லிம்பெட் என்ற ஓட்டு நத்தைகள் ஒட்டிக்கொண்டு பாசியை மேயும். எண்ணெய் படிந்த பாறைகளிலும் அவை ஓரளவு பிழைத்து, எண்ணெயையும் சேர்த்தே சுரண்டி மேய்ந்துகொண்டிருந்தன. டிடர்ஜெண்ட் பட்ட இடங்களில் அவை செத்து உதிர்ந்தன. மேய ஆளில்லாததால் முதலில் பாறைகளில் பச்சைப் பாசி படர்ந்தது, பிறகு பெரிய கடற்பூண்டுகள் அடர்ந்தன. பழைய நிலைக்குத் திரும்பச் சில இடங்களில் பத்து, பதினைந்து வருஷங்கள் ஆயின. காட்ரெவி என்ற இடத்தில், சீல்கள் இருந்த காரணத்தால், டிடர்ஜெண்ட் போடாமல் விட்டார்கள். அங்கே இரண்டு மூன்று வருஷங்களில் கரை தன்னைச் சரிசெய்துகொண்டது. (பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் சிப்பிப் படுகைகளை உத்தேசித்து டிடர்ஜெண்ட் பக்கம் அதிகம் போகவில்லை, சுண்ணாம்புத் தூளைத் தூவி எண்ணெயை மூழ்கடித்தார்கள், வைக்கோலால் ஒற்றி எடுத்தார்கள். பிற்கால டிடர்ஜெண்ட்களின் விஷம் குறைவு என்பதும், ஆழ்கடலில் பறவைகளைக் காக்க அவை சில சமயம் உதவக்கூடும் என்பதும் உண்மை. 2010இல் மெக்ஸிகோ வளைகுடாவில் 18 லட்சம் காலன் வரை அவற்றை ஊற்றியபோது, துளிகளாக உடைந்தது எங்கே போகிறது என்ற பழைய கேள்வியே மறுபடி எழுந்தது.)

இந்த விபத்தில் என்னை மிகவும் தொந்தரவு செய்வது இதுதான். அதிகக் கெடுதலைச் செய்தது கவலையின்மை அல்ல, கவலை. ஏதாவது செய்தாக வேண்டும், கறை கண்ணில் படக்கூடாது என்ற பதைபதைப்பு.

4

நாம் எல்லோரும் குற்றவாளிகள் என்ற வாக்கியமும் இவ்விதமே வேலை செய்கிறது. அது தார்மீக டிடர்ஜெண்ட். ஒரு இடத்தில் கெட்டியாக மிதந்துகொண்டிருந்த பொறுப்பை, கையால் அள்ளிவிடக்கூடிய நிலையில் இருந்த பொறுப்பை, கோடிக்கணக்கான துளிகளாக உடைத்து எல்லோருக்குள்ளும் இறக்கிவிடுகிறது. பிறகு அள்ள முடியாது. கடல் சுத்தமாகிவிட்டது போலத் தெரியும்.

எல்லோரும் குற்றவாளிகள் என்றால் ஒருவரும் குற்றவாளி அல்ல என்ற கருத்தை ஹன்னா ஆரெண்ட், யுத்தத்துக்குப் பிந்தைய ஜெர்மனியை முன்வைத்துச் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் பேசிய இடத்தில் கொலைகாரர்கள் இருந்தார்கள், உத்தரவுகள் இருந்தன, கையெழுத்துகள் இருந்தன. கூட்டுக் குற்ற உணர்வு அவர்களுக்குத் திரை ஆயிற்று. எண்ணெய் விபத்தில் அப்படிக் கொலை நோக்கம் கொண்டவர் ஒருவரும் இல்லை. ஆகவே இங்கு அந்த வாக்கியத்தின் கவர்ச்சி அதிகம். நாம் எல்லோரும் பஸ்ஸில் போகிறவர்கள், மண்ணெண்ணெய் எரித்தவர்கள், பிளாஸ்டிக் பக்கெட்டில் குளிப்பவர்கள். எண்ணெய் நமக்காகத்தானே வந்தது? வாஸ்தவம். காரணச் சங்கிலியில் நானும் ஒரு கண்ணி. ஆனால் காரணத்தில் இருப்பதும் பொறுப்பில் இருப்பதும் ஒன்றல்ல. பொறுப்புக்கு மூன்று விஷயங்கள் வேண்டும்: தெரிந்திருக்க வேண்டும் அல்லது தெரிந்துகொண்டிருக்க முடிய வேண்டும், வேறு விதமாகச் செய்யும் வாய்ப்பு இருக்க வேண்டும், அந்த வாய்ப்பைப் பயன்படுத்தும் அதிகாரம் கையில் இருக்க வேண்டும். இம்மூன்றும் பஸ் பிரயாணியிடம் இருக்கும் அளவும், கப்பலை இரண்டு மடங்கு ஆக்க உத்தரவிட்டவரிடம் இருக்கும் அளவும் ஒன்றாக இருக்க முடியாது. எல்லோரும் என்ற சொல் அழிப்பது இந்த அளவுகளைத்தான்.

மேலும் அந்த ஒப்புதலுக்குச் செலவே இல்லை. எல்லோர் பெயருக்கும் யாரும் நோட்டீஸ் அனுப்ப முடியாது. உரிமையாளர் தரப்பு 50 டாலராவது ஒத்துக்கொண்டது. கவிஞர் முழுப் பழியையும் ஏற்றுக்கொண்டு ஒரு பைசாவும் கொடுக்காமல் எழுந்துபோகிறார். போகும்போது கொஞ்சம் உயரமாகவும் தெரிகிறார்.

நான் உத்தியோகம் பார்க்கும் இடத்தில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. ஒரு தொகை யாருடையது என்று அன்றைக்குத் தெரியாவிட்டால் அதை அங்கே போட்டு வைப்பார்கள். டேலி ஆகிவிடும். சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம். அது அவசியமான ஏற்பாடு, ஆனால் தற்காலிக ஏற்பாடு. தொகை யாருடையது என்று தேடிக் கண்டுபிடித்து அந்தக் கணக்கைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி; வருஷக் கணக்கில் அங்கேயே கிடக்கும் தொகைகளைத்தான் ஆடிட்டர்கள் முதலில் கேட்பார்கள். நாம் எல்லோரும் என்பது சஸ்பென்ஸ் கணக்கு. அதைக் கவிதையின் கடைசி வரியாக வைப்பவர், டேலி ஆகிவிட்டது என்று லெட்ஜரை மூடுகிறார்.

நம் வினைக் கோட்பாட்டிடம் இதைவிட நேர்மை அதிகம். அது கணக்கை ஆள் ஆளாக வைக்கிறது. செய்தவனைத் தேடிவந்து பலன் சேர்கிறது. ஆனால் அதற்கு ஒரு செய்தவன் வேண்டும். ஸில்லிக்கு அருகே அன்று செத்தவை பெரும்பாலும் கில்லெமாட், ரேஸர்பில் என்ற, ஆழ மூழ்கி மீன் பிடிக்கும் பறவைகள். பதினையாயிரத்துக்கு மேல் என்பது மதிப்பீடு. கழுவிக் காப்பாற்ற எடுத்துச் சென்றவற்றிலும் மிகச் சிலவே பிழைத்தன. செய்தவர்கள் ஐந்து நாடுகளில் இருக்க, பலன் வந்து சேர்ந்தது இவற்றிடம். இது அந்தப் பறவைகளின் முன்வினை என்று சொல்ல ஒருவர் முன்வந்தால் அவருடன் எனக்குப் பேச்சில்லை.

பறவையைக் கொன்ற பாவத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பிரசித்தமான கவிதை கோல்ரிட்ஜ் 1798இல் வெளியிட்ட கிழ மாலுமியின் கதை. அங்கே எல்லாம் தெளிவு: ஒரு வில், ஒரு அம்பு, ஒரு கை. நவீன விபத்துக்கு அது உதவாது என்று தோன்றலாம். ஆனால் அதில் மற்ற மாலுமிகளைக் கவனிக்க வேண்டும். பறவையைக் கொன்றதற்கு முதலில் அவனை ஏசுகிறார்கள். பனிமூட்டம் விலகியதும், கொன்றது சரிதான் என்று கட்சி மாறுகிறார்கள். அந்த ஆமோதிப்பால் அவர்களும் உடந்தை ஆகிறார்கள். அவர்களுக்குச் சாவு, அவனுக்குச் சாவில்லை, திரும்பத் திரும்பச் சொல்லும் தண்டனை. இரண்டும் இரண்டு பங்கு, இரண்டு பலன். கோல்ரிட்ஜ் அவர்களை எல்லோரும் என்று ஒரே மூட்டையில் கட்டவில்லை. உடந்தை என்பது எந்தக் கணத்தில், எந்தச் செயலால் ஏற்பட்டது என்று காட்டுகிறார். நம் பறவைக் கவிதைகளில் காணாமல்போனது இந்தக் கணம்தான்.

5

ஆச்சரியமாக, இந்த விஷயத்தில் கவிஞர்களைவிடச் சட்டம் எழுதுபவர்கள் கொஞ்சம் முன்னேறினார்கள். டோரி கான்யனின் விளைவாக 1969இல் ஒரு சர்வதேச உடன்படிக்கை வந்தது. எண்ணெய்ச் சேதத்துக்குக் கப்பலின் பதிவு பெற்ற உரிமையாளர், தன்மேல் தவறு உண்டா இல்லையா என்ற கேள்விக்கு இடமின்றி, குறிப்பிட்ட எல்லைவரை பொறுப்பு. சில விதிவிலக்குகள் உண்டு. இரண்டாயிரம் டன்னுக்கு மேல் எண்ணெய் கொண்டுபோகும் கப்பலுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம். உரிமையாளரின் எல்லை போதாதபோது கொடுக்க 1971இல் இன்னொரு உடன்படிக்கையின் கீழ் ஒரு நிதி ஏற்பாடாயிற்று. அந்த நிதிக்கு யார் பணம் கட்டுவது? எண்ணெய் உபயோகிக்கும் எல்லோருமா? இல்லை. உறுப்பு நாடுகளில் வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கடல் வழியாக எண்ணெய் பெறுகிறவர்கள்.

இந்த எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். எல்லோரும் என்ற மூட்டத்துக்குள் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெயர், விலாசம், செலுத்த வேண்டிய தொகை எல்லாம் உண்டு. இந்த ஏற்பாடு பூரணமானது என்று நான் சொல்ல வரவில்லை. உச்சவரம்பு உண்டு. மீன்பிடிப்பும் ஹோட்டல் வருமானமும் நஷ்டமானால், கரையைச் சுத்தம் செய்யச் செலவானால் பணம் உண்டு. செத்த பறவைக்கென்று, அனுமானக் கணக்கில் விலை போட்டு, நிதி எதுவும் தருவதில்லை. பறவை லெட்ஜருக்கு வெளியே நிற்கிறது. ஆனால் லெட்ஜரை ஒழுங்காக எழுதிய பிறகுதான், வெளியே நிற்பது எது, எவ்வளவு என்று தெரியும். அந்த மிச்சம்தான் கவிதையின் இடம் என்றால் எனக்குச் சம்மதம். எழுதாத லெட்ஜருக்குப் பதிலாகக் கவிதை எழுதுவதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

நம் பங்கு என்ன என்று கேட்கப்படும். சிறியது. சிறியது என்பதால் பூஜ்யம் அல்ல. பூஜ்யம் அல்ல என்பதால் முழுமையும் அல்ல. எரிப்பவன் என்ற முறையில் என் பங்கு ஒரு துளி. கேட்கக் கூடியவன், எழுதக் கூடியவன் என்ற முறையில் அதைவிடச் சற்று அதிகம். இந்த இரண்டாவது பங்கைத் தட்டிக்கழிப்பதற்காகவே முதலாவதைப் பெரிதுபடுத்திப் புலம்புகிறோமோ என்று ஐயம் வருகிறது.

6

நம்முடைய கரையிலும் இது நடந்திருப்பதால் கேள்வி சித்தாந்தமாக மட்டும் இல்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக் கனரக எரிஎண்ணெய் கடலில் கலந்தது. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றுதான் முதல் அறிக்கை வந்தது. பிறகு மீனவர்களும் மாணவர்களும் துப்புரவுத் தொழிலாளர்களும் நாட்கணக்கில் பக்கெட்டால் எண்ணெய்ச் சகதியை அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலி ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் சுவரும் கறுத்தன, கூழைக்கடாக்கள்மீது எண்ணெய் ஏறியது. மறுபடி கையால் அள்ளியவர்கள் மீனவர்கள். இந்த இரண்டு சமயத்திலும், நாமும் பெட்ரோல் போடுகிறவர்கள்தானே என்று பெருமூச்சு விடுவது சுலபம். பக்கெட்டோடு நின்றவரிடம் இதைச் சொல்ல முடியுமா என்று யோசித்தால் போதும். எல்லோரும் என்பதில் அவரையும் சேர்க்க வேண்டும். அங்கே வாக்கியம் உடைகிறது.

இதற்கு நாம் வைத்திருக்கும் பெயரிலேயே சிக்கல் இருக்கிறது. எண்ணெய்க் கசிவு என்கிறோம். கசிவது பானை, கசிந்து உருகுவது பக்தனின் நெஞ்சு. ஆயிரக்கணக்கான டன்கள் கசிவதில்லை. கசிந்தது என்ற வினைக்குச் செய்தவன் தேவையில்லை, அது தானே நிகழ்ந்துவிடும். இன்னொரு சொல் இருக்கிறது: ஒழுகுதல். அதுவும் தானே நிகழ்வதுதான். ஆனால் ஓட்டை வழியாக நீர் இறங்குவதற்கும், ஒரு மனிதன் தன்னை நடத்திக்கொள்வதற்கும் தமிழில் அந்த ஒரே வினைதான். ஒழுக்கு என்றால் ஓட்டைக் கூரையின் காரியம். ஒழுக்கம் என்றால் நம் காரியம். கூரை ஒழுகினால், எல்லோர் வீட்டிலும்தானே மழை பெய்கிறது என்று யாரும் சமாதானம் சொல்லிக்கொள்வதில்லை. எந்த ஓடு, எந்த இடம் என்று நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

கவிதைகளிடம் நான் கேட்பதும் அவ்வளவே. கவிஞர் தன் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்க்காமல் இருக்கலாம். எந்த ஓடு என்று பார்க்கலாம்.